கடிபட்டவர்களுக்கு ஒரே மருந்து

பல் செட்டு செய்கிற தொழில் என்பதால் தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்றே பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பாங்குப் புத்தகத்துக்கு மட்டும்தான் உதவியது. வாரம் முழுக்க ஊரார் வாயின் அச்சுகளை மேசையில் பரப்பிக்கொண்டு, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல் தாடையும் கீழ்த் தாடையும் பொருந்துகின்றனவா என்று கடிக்கவைத்துப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவளுக்கு வேறு வாய்கள் வேண்டும். ரத்தம் ஒழுகுகிற வாய்கள், செத்த பிறகும் பசி அடங்காத வாய்கள்.

ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பைத்தியம். பல்லக்காவுக்கு ஜாம்பிப் படம். அதுவும் கோடி கோடியாகக் கொட்டி எடுத்த புதுப் படம் என்றால் ஆகவே ஆகாது. அவள் பிறப்பதற்கு முன்னால், எவனோ இரவல் கேமராவை வைத்துக்கொண்டு, மாமன் மச்சான்களையே பிணங்களாக நடக்கவிட்டு எடுத்த பழைய படம்தான் வேண்டும். அதையும் வீடியோ கேசட்டில்தான் பார்க்க வேண்டும். தெருமுனைக் கேசட் கடையை மூடியபோது எல்லாக் கேசட்டையும் யார் யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள், இந்தப் பிணப் படங்களை மட்டும் நாய்கூடச் சீந்தவில்லை. கடைக்காரர் மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தார். பல்லக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள்.

"ஊர்ல எல்லாரும் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவாங்க. நீ உள்ளே கொண்டுவர்றே" என்றார் கணவர். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கூட்ட நெரிசலில் மயிரிழை இடைவெளியில் வண்டியைத் திருப்புகிற மனிதர், படம் போட்டால் தலையணையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வார்.

அந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்றால், ஒரு மண்ணும் இல்லை. பிணம் கைக்கடிகாரம் கட்டியிருக்கும். முகத்தில் அப்பிய மாவு காய்ந்து உதிரும். தொப்பை போட்ட ஒரே ஆள் ஒரே படத்தில் மூன்று தடவை செத்து, மூன்று தடவை எழுந்து வருவான். ஓடுகிறவளுக்கும் துரத்துகிறவனுக்கும் ஒரே ஆள்தான் குரல் கொடுத்திருப்பான். ஆனாலும் பயம் வரும். அது எப்படி வருகிறது என்பதுதான் பல்லக்காவுக்குப் பிடிபடாத, பிடித்துப்போன விஷயம். படத்தில் எந்த இடம் ரொம்பப் பயமோ, அந்த இடத்தை முன்னால் பார்த்தவர்கள் எல்லாரும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து நாடாவைத் தேய்த்திருப்பார்கள். அதனால் அந்தக் காட்சி வரப்போகிறது என்றால் கொஞ்சம் முன்னாலேயே திரை நடுங்க ஆரம்பிக்கும், வெள்ளைக் கோடு ஒன்று கீழிருந்து மேலே ஊரும், பேச்சு குழறும். ஆபத்து வருகிறது என்று அதுவே சொல்லிவிடும். வேண்டாம் என்றால் பொத்தானை அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம். வாழ்க்கையில் எந்தப் பயம் இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறது, எந்தப் பயத்துக்குப் பொத்தான் இருக்கிறது என்று கேட்பாள் பல்லக்கா. கேள்வி நியாயம்தான்.

ஒன்பது வயது மகள் குண்டூசிக்கும் இந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. உடம்பும் ஊசி, நாக்கும் ஊசி என்பதால் வந்த பெயர் அது. சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் காட்டலாமா என்று பக்கத்து வீட்டில் முணுமுணுத்தார்கள். "எல்லாம் மாவும் சாயத் தண்ணியும்தானே, அதுக்கே தெரியும்" என்று பல்லக்கா ஒதுக்கித் தள்ளினாள். பிள்ளைக்கு மாவும் சாயமும் தெரியும்தான். அதற்கு மேலும் என்னென்ன அதன் மண்டைக்குள் போயிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பிணம் கடித்தால் கடிபட்டவனும் பிணமாக மாறிவிடுவான் என்பது அந்தப் படங்களின் விதி. எல்லாப் படத்திலும் ஒருத்தன் இருப்பான், கடிபட்டதை மறைக்கிறவன். வீட்டுக்குள் எல்லாரும் கதவுக்குப் பலகை அடித்துக்கொண்டிருக்கும்போது இவன் மட்டும் மூலையில் உட்கார்ந்து சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வான். என்ன காயம் என்று கேட்டால், "ஒண்ணுமில்லை, கம்பி கீறிடுச்சு" என்பான். அந்த இடம் வந்தால் பல்லக்காவால் உட்கார முடியாது.

"பொய் சொல்றான்டா! கையைப் பாரு! இரக்கப்படாதே, வெளியே தள்ளு! சுடு அவனை!" என்று எழுந்து நின்று கத்துவாள். குண்டூசி துடைப்பத்தைத் துப்பாக்கியாகப் பிடித்து "டுமீல்!" என்பாள். தலையணைக்குப் பின்னால் இருந்து, "பாவம், பொண்டாட்டி புள்ளை இருக்கும்" என்று பேருந்து ஓட்டுநரின் குரல் வரும். தாயும் மகளும் சேர்ந்து அவரைக் கிண்டல் பண்ணுவார்கள். அந்த வீட்டின் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை. தாயும் மகளும் மட்டும்தான். வெயில் சுவரைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த வெயிலிலும் குண்டூசி முழுக்கால் சட்டையும் சாக்ஸும் போட்டுக்கொண்டு, சோபாவின் ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். துடைப்பம் மூலையிலேயே கிடந்தது. பல்லக்கா அதைக் கவனித்தாள், ஆனால் படம் ஆரம்பித்துவிட்டது.

"அம்மா, கடிச்சதும் உடனே மாறிடுவாங்களா?"

"படத்துக்குப் படம் வேறடி. இதுல கொஞ்சம் மெதுவா."

"மாறுறது அவங்களுக்கே தெரியுமா?"

"தெரியாது. மத்தவங்களுக்குத்தான் தெரியும்."

குண்டூசி திரையையே பார்த்தாள். பிறகு, "மருந்து எதுவுமே கிடையாதா?" என்றாள்.

பல்லக்கா சிரித்துக்கொண்டே இரண்டு விரலைத் துப்பாக்கிபோல நீட்டித் தன் நெற்றிப்பொட்டில் வைத்துக் காட்டினாள். "கடிபட்டவங்களுக்கு ஒரே மருந்துதான்."

எலும்பில்லாத நாக்கு எதையும் சொல்லும். குண்டூசி சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

திரை நடுங்கத் தொடங்கிய சமயத்தில் வாசல் மணி அடித்தது. பல்லக்கா படத்தை நிறுத்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். கீழே கேட்டில் இருக்கும் வாட்ச்மேன், மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு நின்றார்.

"ஒண்ணுமில்லைம்மா, வீடு வீடா சொல்லிட்டு வரேன். பின்னால சைக்கிள் நிறுத்துற இடத்துல ஒரு கறுப்பு நாய் சுத்திக்கிட்டிருந்துச்சே, போன வாரம் செத்துப்போச்சு. அதைச் சோதிச்சுப் பார்த்தாங்களாம். வெறி பிடிச்ச நாயாம். இப்பதான் சுகாதார ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. அது யாரையாவது கடிச்சிருந்தா, பல்லு லேசா பட்டிருந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க. முத்திடுச்சுன்னா அப்புறம் கடவுளே வந்தாலும் காப்பாத்த முடியாதாம்."

"ஐயோ. எங்க வீட்ல யாரையும் கடிக்கலைங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

திரையில் நிறுத்திவைத்த பிணத்தின் முகம் நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் குண்டூசி எழுந்து நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்துக் கிடந்ததைப் பல்லக்கா பார்த்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மனசு அதற்குள் வேறு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பிள்ளை குளிக்க மாட்டேன் என்கிறது, தண்ணீரைக் கண்டால் ஓடுகிறது என்று கணவர் இரண்டு மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சோம்பேறிக் கழுதை என்று அவள்தான் சிரித்தாள். தண்ணீரைக் கண்டால் ஓடுகிறது. வெறிநாய் விஷம் ஏறியவர்களும் தண்ணீரைக் கண்டால்தான் பயப்படுவார்களாம்.

சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு வந்தாள். 

"குடிடா கண்ணு."

"தாகமில்லை."

"அம்மாவுக்காக ஒரு வாய் குடி."

குண்டூசி தம்ளரைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பின்னால் நகர்ந்தாள். தொண்டை ஏறி இறங்கியது, வாய் மட்டும் திறக்கவில்லை. தண்ணீருக்குப் பயப்படுகிறாளா, சோதிக்கிறார்கள் என்று புரிந்து பயப்படுகிறாளா என்று பெற்றவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"காலைக் காட்டு."

"ஒண்ணுமில்லைம்மா" என்றாள் குண்டூசி. "கம்பி கீறிடுச்சு."

 அந்த வார்த்தையை எத்தனை படங்களில் எத்தனை பொய்யர்களின் வாயில் கேட்டிருப்பாள்! குரல் கம்மியிருந்தது வேறு. அழுது கம்மியதா, வேறு எதனாலா? குனிந்து கணுக்காலைப் பிடித்துச் சாக்ஸை இழுத்தாள். கெண்டைக்காலுக்குக் கீழே பொருக்குத் தட்டிய காயம். கம்பி கோடு இழுக்கும், பல்தான் ஜோடி ஜோடியாய்க் குழி போடும். மேலே இரண்டு ஆழம், நடுவில் சின்னச் சின்னதாக, பின்பக்கம் மறுபடி இரண்டு. நாள் முழுக்கப் பல் வரிசையோடு மாரடிக்கிறவளுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காலை விட்டுவிட்டு ஓரடி பின்னால் வைத்தாள்.

ஒரே ஓரடி. வேண்டுமென்று வைத்ததல்ல, கால் தானாகப் போனது. ஆனால் கடிபட்டது தெரிந்ததும் வீட்டு ஆட்கள் முதலில் செய்வது அதைத்தான் என்று குண்டூசிக்கு மனப்பாடம். பிள்ளை வீலென்று கத்தவில்லை. திரும்பி ஒரே ஓட்டமாகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

"குண்டூசி! கதவைத் திறடி!"

"மாட்டேன்."

"உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். திற!"

"அப்படித்தான் சொல்வாங்க. சொல்லித்தான் திறக்க வைப்பாங்க."

"அது சினிமாடி! இதுக்கு ஊசி இருக்கு, மருந்து இருக்கு!"

"நீதானே இல்லைன்னு சொன்னே. இப்பதானே சொன்னே."

பல்லக்கா இரண்டு உள்ளங்கையாலும் கதவை அறைந்தாள். படபடவென்று அறைந்தாள், தோளால் மோதினாள், நகத்தால் பிறாண்டினாள். தொண்டையிலிருந்து வார்த்தை வரவில்லை, வெறும் ஓலம்தான் வந்தது. உள்ளே வாளியையும் ஸ்டூலையும் கதவுக்கு முட்டுக்கொடுத்து நகர்த்துகிற சத்தம் கேட்டது. எப்படி முட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவள்தான் ஒவ்வொரு படத்திலும் சொல்லிக்கொடுத்திருந்தாள். படத்தில் கதவுக்கு வெளியே நின்று அறைகிறவர்கள் யார் என்பதும் பிள்ளைக்குத் தெரியும். பல்லக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு, எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த வாட்ச்மேன் ஓடி வந்தார். இரண்டு வார்த்தையில் விஷயத்தைப் புரிந்துகொண்டார். "கடப்பாரை கொண்டு வரேன்மா, ஒரே நெம்பு, திறந்துடும்."

உள்ளேயிருந்து அப்போதுதான் பிள்ளை அலறியது. "வேணாம்! உடைச்சா ஜன்னல் வழியா குதிச்சிடுவேன்! ஸ்டூல் மேல ஏறிட்டேன்!"

குளியலறை ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. கீழே மூன்று மாடி, அதற்கும் கீழே சிமெண்டுத் தரை. குண்டூசி நுழையாத சந்து அந்தக் கட்டடத்தில் இல்லை. பல்லக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு பக்கம் விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னொரு பக்கம் ஜன்னல்.

"நீங்க கீழே போய் ஒரு வண்டி பிடிச்சு நிறுத்துங்க" என்று வாட்ச்மேனிடம் கிசுகிசுத்தாள். "மேலே யாரும் வர வேண்டாம். சத்தமே வேண்டாம்."

அவர் போன பிறகு தரையில் உட்கார்ந்தாள். கதவுக்கு அடியில் ஒரு கை நுழையுமளவு இடைவெளி உண்டு. ஈரத்தில் ஊறி மரம் அரித்துப்போனதால் வந்தது, மாற்ற வேண்டும் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டது. அந்த இடைவெளியில் வாயை வைத்துக் கேட்டாள்.

"எப்படிடி கடிச்சுது?"

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "பந்து எடுக்கப் போனேன். பிடிச்சு இழுத்துச்சு."

"ஏன் சொல்லலை? அம்மாகிட்டே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சுடச் சொல்லுவே."

பல்லக்கா தரையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். விளையாட்டு வினையாகும் என்று ஊர் சொல்கிறது. வினை இத்தனை நாளாகச் சாக்ஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்திருக்கிறது, பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறது. இவள் கைதட்டிப் படம் பார்த்திருக்கிறாள்.

"நான் மாறிட்டா உங்களைக் கடிச்சிடுவேன்மா. அதான் உள்ளே இருக்கேன். அப்பா வந்தாலும் திறக்க மாட்டேன்."

சொல்லி நம்பவைக்க இனி எந்தச் சொல்லும் மிச்சமில்லை. எல்லாச் சொல்லையும் படங்களில் பொய்யர்கள் தீர்த்துவிட்டார்கள். பல்லக்கா ஈரத்தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். வலது கையைக் கதவுக்கு அடியில் விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் நுழைந்தது, அதற்கு மேல் மரம் இறுக்கியது.

"குண்டூசி. இது என் கை. பார்த்தியா?"

"எடு!"

"எடுக்க மாட்டேன். கடி."

"அம்மா, எடும்மா!"

"கடிடி. நீ மட்டும் தனியா கடிபட்டவளா இருக்க வேண்டாம். என்னையும் கடிச்சிடு. அப்புறம் என்னாலயும் உன்னை வெளியே தள்ள முடியாது. ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான்."

உள்ளே ஸ்டூல் கிறீச்சிட்டது. இறங்குகிறாளா, ஏறுகிறாளா? கால் ஈரத்தில் சப்பென்று பதிந்தது, ஒரு தடவை, இன்னொரு தடவை. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ குனிந்தது. விரல்கள் மேல் மூச்சு பட்டது. சூடான, வேகமான மூச்சு.

பல்லக்கா பயந்தாள். உள்ளது அதுதான். பெற்ற பிள்ளை என்பதெல்லாம் மறந்து, கையை வெடுக்கென்று இழுத்துக்கொள் என்று உடம்பு முழுவதும் கத்தியது. உள்ளே இருப்பது இன்னும் குண்டூசிதானா என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. மூச்சு நெருங்கியது. கட்டைவிரலுக்குக் கீழே, சதைப்பற்றான இடத்தில், பல் வந்து உட்கார்ந்தது. மேல் வரிசையில் போன மாசம் விழுந்த பல்லின் ஓட்டைகூடத் தெரிந்தது. பல்லக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கையை இழுக்கவில்லை.

பல் அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எடுத்துக்கொண்டது. அந்த இடத்தில் ஒரு கன்னம் வந்து படிந்தது, நனைந்த கன்னம்.

தாழ்ப்பாள் விலகியது.

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், கழுவிக்கொண்டே இருந்தார்கள். குண்டூசி ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா விழியை விரித்துப் பார்த்து, கழுத்தைத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் குடிக்கவைத்துப் பார்த்து, ஆயிரம் கேள்வி கேட்டார். அவர் முகத்திலிருந்து எதையாவது படிக்க முடியுமா என்று பல்லக்கா அவரையே பார்த்தாள்.

"இன்னும் எதுவும் ஆரம்பிச்ச மாதிரி தெரியலை" என்றார் டாக்டரம்மா தாழ்ந்த குரலில். "கடிச்சது காலு, தலைக்குத் தூரம்ங்கிறதும் நல்லதுதான். ஆனா லேட்டா வந்திருக்கீங்க. இன்னைக்குக் காயத்தைச் சுத்தியும் ஊசி போடணும், கையிலயும் போடணும். அப்புறம் சொல்ற தேதிக்கெல்லாம் வரணும், ஒரு ஊசியைக்கூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தா, நடத்தையில ஏதாவது மாறுதல் தெரிஞ்சா, அந்த நிமிஷமே தூக்கிட்டு வாங்க. நாமதான் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

குண்டூசியை உயரமான கட்டிலில் படுக்கவைத்தார்கள். நர்ஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சுவர்ப்பக்கம் திரும்பினார், தட்டிலிருந்து எதையோ எடுக்கிற உலோகச் சத்தம் கேட்டது.

"அம்மா."

"என்ன கண்ணு?"

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"ஏன்டா?"

"பார்த்தா அப்புறம் அழுவே" என்றாள் குண்டூசி. "சீக்கிரம் திரும்பிக்கோம்மா. நான் கத்த மாட்டேன்."

பல்லக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.  ஊசி, மருந்து என்று வண்டியில் வழி நெடுக அவள் சொன்ன எதையும் பிள்ளை நம்பவில்லை. கதவுக்கு அடியில் நீட்டிய கையைக் கடிக்க மனசில்லாமல் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறது. அம்மா நெற்றிப்பொட்டில் காட்டிய அந்த ஒரே மருந்துதான் தனக்கும் என்று நினைத்துக்கொண்டே, முரண்டு பிடிக்காமல் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு இத்தனை தூரம் வந்திருக்கிறது.

பல்லக்கா திரும்பவில்லை. கட்டிலோடு ஒட்டி நின்று பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குண்டூசி கண்ணை மூடி, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியது. காயத்தைச் சுற்றி மறுபடி மறுபடி இறங்கியது. கட்டில் விளிம்பில் அந்தச் சின்ன விரல்கள் வெளுத்துப்போகும்வரை இறுக்கின. சொன்னபடியே பிள்ளை கத்தவில்லை.

கடைசியில் தோளிலும் போட்டுவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினார்கள். கொஞ்சம் பொறுத்து, குண்டூசி ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தாள். விளக்கைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள், தன் கையைத் தூக்கி விரல்களை அசைத்துப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

அவ்வளவுதான் என்று சொல்லப் பல்லக்காவுக்கு ஆசையாக இருந்தது.  பிள்ளையின் நெற்றி கையில் லேசாகச் சுட்டது. அழுததால் வந்த சூடுதான் என்று நினைத்துக்கொண்டு, உள்ளங்கையைத் திருப்பி மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.